திருவனந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டவன்

எங்கள் ஊரில் எதையும் அதனதன் பெயரைச் சொல்லிப் பேசுகிற வழக்கம் கிடையாது. நாற்பத்தேழில் வெள்ளைக்காரன் கிளம்பியபோது கிழக்கேகோட்டைக் காபி ஹோட்டலில் எங்கள் மேஜையில் 'சுதந்திரம்' என்ற சொல்லை ஒருவரும் எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. "குடியிருந்தவன் வீட்டைக் காலி பண்ணிட்டான்" என்றுதான் சொன்னார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் அதற்குரிய கவலைகளும் வந்து சேர்ந்துவிட்டன. போகிறவன் சுவரில் எத்தனை ஆணி அடித்து வைத்திருக்கிறான்? கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவானோ? ரிட்டயரான தாசில்தார் ஒருவர் மட்டும், "அவன் குடியிருந்தவன் இல்லை ஓய், விருந்தாளி. வந்தவன் லேசுல கிளம்பல, அவ்வளவுதான்" என்றார். விருந்தாளி என்றதும் தாழ்ப்பாளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வழியனுப்பும்போது கையில் என்ன கொடுத்தனுப்புவது முறை என்று விவாதம் தொடங்கிவிட்டது. தேசம் அதே தேசம்தான். வெள்ளைக்காரனும் அவனேதான்.

இரண்டு வருஷம் கழித்துத் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானபோது அது கல்யாணமாயிற்று. நாம்தான் மாப்பிள்ளை வீடு என்பதில் எங்கள் மேஜைக்குச் சந்தேகமே இல்லை. கொச்சியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குமாஸ்தாவுக்கும் அதே விஷயத்தில், எதிர்த்திசையில், சந்தேகம் இல்லை. தலைநகர் எங்களுக்கு, ஹைக்கோர்ட் அவர்களுக்கு என்று ஏற்பாடானதும் பெரிய சண்டை மூளும்போல இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் "சீர்வரிசை" என்று ஒரு வார்த்தை சொன்னார். அத்தோடு எல்லோரும் காபியைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்கள். சீர் என்று ஆகிவிட்டால் அப்புறம் நியாயம் கேட்பது மரியாதையில்லை.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான். அப்போது எனக்கு நாற்பது வயதை ஒட்டியிருக்கும். ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. சென்னைப் பத்திரிகைகளுக்கு அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். என் கட்டுரைகளைப் படித்து எங்கள் தெருவில் யாரும் சிரித்ததில்லை. நான் எழுதுகிறவன் என்ற செய்தியைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. மனிதன் நேராகச் சிந்திப்பதில்லை, ஒன்றைப் பார்த்து இன்னொன்றாக நினைத்துக்கொண்டு அந்த இன்னொன்றைப் பற்றித்தான் சிந்திக்கிறான் என்று லைப்ரரிப் புத்தகங்களின் தயவால் ஒரு சித்தாந்தம் வைத்திருந்தேன். அதைப் பிறருக்கு விளக்குவேன். உவமை என்பது ஒரு மூக்குக்கண்ணாடி மாதிரி என்பேன். இல்லை, ஒரு ஜன்னல் மாதிரி என்று திருத்துவேன். உவமை எது மாதிரியும் இல்லை என்று சொல்லிப் பார்த்தால் அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் அகப்படாது. மற்றவர்கள்தான் உவமையில் மாட்டிக்கொள்கிறார்கள், நான் அதைக் கையாளுகிறேன் என்பது என் எண்ணம்.

ஐம்பத்தாறில் தெற்குத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்று முடிவானது. ஊர் அதைப் பாகப்பிரிவினை என்றது. ஆபீசில் யார் அந்தப் பக்கம் போவது, யார் இந்தப் பக்கம் இருப்பது என்று பிரிக்க ஆரம்பித்தார்கள். நாஞ்சில் நாட்டுக்காரர்கள் சந்தோஷமாகப் பெட்டி கட்டினார்கள். மலையாளிகளுக்குப் பிரச்சினையே இல்லை. நடுவில் என்னைப் போன்ற சிலர் இருந்தோம். என் தாத்தா கோயில் வேலைக்கென்று திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். அப்பாவும் நானும் இந்த ஊர் ஸ்ரீவராகத்தில் பிறந்தவர்கள். ஆனால் 'சொந்த ஊர்' என்று கேட்ட இடத்திலெல்லாம் மூன்று தலைமுறையாக, பழக்க தோஷத்தில், தாத்தாவுக்குப் பிறகு நாங்கள் யாரும் சரியாகப் பார்த்திராத ஒரு திருநெல்வேலிக் கிராமத்தின் பெயரைச் சொல்லி வந்திருக்கிறோம். ஆகவே என்னை எந்தப் பக்கத்திலும் போடலாம்.

எனக்கு இங்கேயே இருக்க வேண்டும். இதை இங்கே எழுதுகிறபோது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஐந்து சொல்கூட இல்லை. அன்றைக்கு இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் வேறொன்றைச் சொன்னேன்.

எங்கள் சூப்பிரண்ட் பழைய தறவாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த மலையாளி. அளந்து பேசுகிற, யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். ஆபீசில் தமிழ்ப் பிராமணன் எவனையும் மலையாளிகள் அழைப்பதுபோல் என்னையும் 'ஸ்வாமி' என்றுதான் அழைப்பார். அவர் பேசுவது மலையாளம். நான் பேசுவதும் மலையாளம்தான் என்று பத்துப் பதினைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தோம். ஒருநாள் கூப்பிட்டார்.

"ஸ்வாமி, இரிக்கணும். உம்ம காரியம் நானாக்கும் எழுதணும். ஸ்வாமி மனசுல உள்ளது பறஞ்சா மதி. அங்கேயா, இங்கேயா?"

'இங்கே' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் எழுத்தாளனிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஒற்றைச் சொல்லில் பதிலை எதிர்பார்ப்பது சரியில்லை. தவிர, 'எனக்கு இது வேணும்' என்று வாய்விட்டுக் கேட்பது எங்கள் வீட்டில் கௌரவக் குறைச்சல். இரண்டாம் தடவை ரசம்கூட நாங்கள் கேட்டு வாங்க மாட்டோம், இலையைப் பார்ப்போம்.

"சார், ஒரு பெண் ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள்" என்று ஆரம்பித்தேன். "பிறந்த வீடு எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. வந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிறாள், பிள்ளை பெறுகிறாள், தலை நரைக்கிறாள். அப்போது ஒருத்தர் வந்து, 'அம்மா, உன் வீடு எது?' என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? வாய் திறந்து சொல்வாளா? சார், நான் அந்த மருமகளின் ஸ்தானத்தில் நிற்கிறேன்."

மேலே சொல்லாமல் நிறுத்தினேன். கேட்கிறவர் தாமே முடித்துக்கொள்ளும்படி விடுவதுதான் கலை என்று படித்திருக்கிறேன். என் கணக்கில் முடிவு வெட்டவெளிச்சம். வாழ வந்தவளைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பியனுப்புவதைப் போன்ற பாதகம் உண்டா? எங்கள் தெருவில் அப்படித் திரும்பி வந்தவளைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

சூப்பிரண்டின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். அவர் யாருக்காகவும் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை.

"மதி ஸ்வாமி, போதும். இனி ஒண்ணும் பறய வேண்டாம். எனக்கு மனசிலாயி."

வெளியே வந்தபோது நடை சற்று மிதந்தது. அன்று காபி ஹோட்டலில் வழக்கத்துக்கு மேல் ஒரு வடை சாப்பிட்டேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. காரியம் முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் பக்கத்து மேஜைக்காரர் முகமெல்லாம் பல்லாக வந்தார். நாகர்கோவில் பக்கத்து வேளாளர். அந்தப் பக்கம் போகிறவர்களில் ஒருவர்.

"என்னவே சாமி, பஸ்ஸுல எனக்குப் பக்கத்து சீட்டு ஒமக்குத்தானாமே! சொல்லவே இல்லியே வே!"

"எந்த பஸ்?"

"எந்த பஸ்ஸா? அந்தப் பக்கம் போற பஸ்தான். சூப்பிரண்டு ஒம்ம பேரத்தான் மொதல்ல எழுதியிருக்காரு. எங்கிட்டயே சொன்னாருவே. 'ஸ்வாமியோட மனசு பூரா அங்கதான் கெடக்கு, பாவம், வாய்விட்டுக் கேக்க மாட்டேங்காரு'ன்னு. அந்த மனுஷனுக்குக் கண்ணே கலங்கிட்டு."

நான் சொன்னதை அப்படியே அவரிடம் ஒப்பித்தேன், அடுப்பு, நரை, நிறுத்தம் எல்லாவற்றோடும். கேட்டு முடித்தவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த அறையிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஒமக்கு ஒப்புச் சொல்ல வேற ஆளே கெடைக்கலியாவே? போயும் போயும் அவருகிட்டயா மருமவ கதையச் சொல்லணும்? அவுக வீட்டுல பொண்ணு எங்கவே வாழப் போவா? வீடே அவதானே! கெட்டுனவன்தான் வருவான், போவான். ஒருத்தி கெட்டுனவன் வீட்டுல வந்து இருந்தான்னு வச்சுக்கிடும், அது விருந்துக்கு வந்த மாதிரிதான். அவ வீடுன்னா அவ பொறந்த வீடுதான். நீரு போயி, 'நான் அடுத்தவன் வீட்டுல நரைச்சுப் போயி நிக்கேன், என் வீடு எதுன்னு நீங்களே சொல்லுங்க'ன்னு கேட்டிருக்கீரு. அவரு என்ன செய்வாரு? மகராசனா உம்ம வீட்டுக்குப் போய்ச் சேரும்னு எழுதிட்டாரு!"

"இது உமக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஆளுகள்லயே பாதிக் குடும்பத்துல அந்த முறை, பாதியில இந்த முறை. அதனால பொம்பளைய வச்சு ஒப்புச் சொல்லுகதுக்கு முந்தி எதுத்தாப்புல இருக்கது யாருன்னு பாத்துக்கிடுவோம். நீரு படிச்சவரு, பாக்கல."

மருமக்கள் தாயம் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? அதைப் பற்றி நகைச்சுவையாக ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். சகோதரியின் பிள்ளைக்குத்தான் சொத்து, மாமன்தான் வீட்டுக்குத் தலைவன், பெண் பிறந்த இடத்திலேயே இருப்பாள் என்றெல்லாம் யாராவது பரீட்சை வைத்திருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். ஆனால் 'ஒரு பெண் வாழ்க்கைப்பட்டு வருகிறாள்' என்று வாயெடுத்த கணத்தில், அந்தப் பெண் நடந்து வந்த தெரு எங்கள் ஸ்ரீவராகத்துத் தெருவாகத்தான் இருந்தது. அவள் நுழைந்த வாசலில் எங்கள் வீட்டுக் கோலம்தான் போட்டிருந்தது. சூப்பிரண்டும் அதே பெண்ணைத்தான் பார்த்தார். அவர் பார்த்தபோது அவள் வேறொருவர் தறவாட்டின் வடக்கு அறையில், பெட்டியைப் பிரிக்காமல், இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தாள். இருவருமே நல்ல மனிதர்கள். இருவருக்குமே அவள்மேல் இரக்கம். அந்த இரக்கத்தின் பலனாக நான் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். சுசீந்திரத்துப் பெண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊர்தான். அவளிடம் நடந்ததைச் சொன்னேன். நடுவில் சிரிப்பாள் என்று நினைத்த இடங்களில் நிறுத்திக்கூடப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கத்தி ஓடிக்கொண்டிருந்தது.

"அவர் சரியாத்தானே மனசிலாக்கியிருக்கார்" என்றாள்.

"என்ன சரி?"

"வாழ வந்தவ திரும்பிப் போகணும்னுதான் நினைப்பா. அதாக்கும் நெஜம். நான் வந்து மொத நாலஞ்சு வருஷம் தெனமும் நினைச்சேன். உங்கப்பா ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'என்னம்மா, ஊருக்குப் போறயா?'ன்னு கேட்டிருந்தார்னா, கட்டின புடவையோட தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருப்பேன். யாரும் கேக்கல. மார்கழித் தேருக்கு மட்டும் அனுப்பிச்சேள், மூணு நாளைக்கு. அதுவும் போறபோதே எப்போ வருவேன்னு கேட்டுண்டு."

"நீ சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லையே. உங்க சூப்பிரண்ட் கேட்டார் பாருங்கோ, ஒரு மருமகளை. அதுவும் மீசை வச்ச மருமக."

சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கும். அவள் புளித்தண்ணீரில் கையைத் தோய்த்துக்கொண்டாள். எனக்கு அரிப்பு வேறிடத்தில் இருந்தது. அதற்குப் புளி போதாது. என் வாழ்நாளில் நான் செய்த மிக நல்ல உவமைக்குரிய சாமான் முழுக்க என் வீட்டு அடுக்களையிலேயே இருந்தும், எடுக்குமுன் உரிமைக்காரியை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

"இப்போ? இப்போ போகணுமா உனக்கு?" என்று கேட்டேன். கேட்கிறபோது பயமாகத்தான் இருந்தது.

"இப்போ எங்கே போறது? அங்கே இப்போ மன்னி ராஜ்யம். பொண்ணு வேற மலையாளத்துல சண்டை போடறா, மலையாளத்துல தூக்கத்துல பேசறா. அவளை அங்கே கொண்டுபோய் ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து தமிழ் படின்னு உக்காத்தி வைக்கணுமாக்கும். எனக்கு இங்கே மதி. நீங்க நாளைக்குப் போய் நேரே சொல்லுங்கோ. கதை வேண்டாம்."

"நேரேன்னா எப்படி?"

"எப்படியா? சொல்லிப் பாருங்கோ, கேக்கறேன்."

நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். "சார், எனக்கு இந்த மண்ணில் வேர் இறங்கி..."

"நீங்க என்ன பலாமரமா?"

"சார், இந்த ஊர் என் ரத்தத்தில் கலந்து..."

"அதுக்கு ஆஸ்பத்திரிக்குன்னா போகணும்."

"சார், எனக்கும் இந்த ஊருக்கும் உள்ள பிணைப்பு..."

"யார் கட்டிப் போட்டா? கயறு எங்கே?"

அவள் விடவில்லை. பந்தம் என்றேன், தள்ளினாள். ஒட்டுதல் என்றேன், தபால் தலையா என்றாள். பரணில் ஏறிப் பழைய பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்து, இது ஓட்டை, இது ஓட்டை என்று கீழே போடுகிறவள்போல அவள் போட்டுக்கொண்டே வந்தாள். (இதுவும் உவமைதான், அவள் இதைப் படிக்கப்போவதில்லை.) கடைசியில் சலித்துப்போய்ச் சொன்னேன்:

"ஆபீஸ் விட்டதும் லைப்ரரிக்குப் போறேன். அங்கேர்ந்து நடந்தே கிழக்கேகோட்டைக்கு வரேன். ஒரு காபி குடிக்கறேன். அந்த நாலு பேர் பேசற அசட்டுப் பேச்சைக் கேக்கறேன். ஆத்துக்கு வரேன். இது எனக்குப் பிடிச்சிருக்கு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"சொல்ல வெக்கமா இருக்கா?"

"இருக்கு."

"அப்போ இதுதான் நெஜம். இதைப் போய்ச் சொல்லுங்கோ."

மறுநாள் போனேன். சூப்பிரண்ட் என்னைக் கண்டதும் உதவி செய்தவரின் கூச்சத்தோடு புன்னகைத்தார். நான் ஒரே மூச்சில், "சார், எனக்கு இங்கேயே இருக்கத்தான் இஷ்டம்" என்றேன். புன்னகை அப்படியே நின்றது. "அப்போ அந்த ஸ்த்ரீ?" என்றார், வீட்டில் யாரோ காணாமல் போய்விட்டதுபோல. விளக்கினேன். எங்கள் பக்கத்தில் வாழ வந்தவளைத் திருப்பியனுப்புவது அவமானம் என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்க அம்மாவன் மரிச்ச அன்னைக்கே அம்மாயியை வண்டியில ஏத்தி அவங்க வீட்டுல கொண்டுபோய் ஆக்கினோம் ஸ்வாமி. எத்தனையோ வருஷமா எங்க வீட்டுல இருந்தவங்க. சகல மரியாதையோடே. பின்னே, அந்நிய வீட்டுல அவங்களை நிறுத்தறது அல்லே பாவம்?" தம் மாமாவின் மனைவிக்குச் செய்த அதே மரியாதையைத்தான் எனக்கும் செய்திருந்தார். நான் அதற்கு நன்றி இல்லாதவனாக நிற்கிறேன் என்பதை அவர் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர். "இனி என்ன செய்யறது? மேலே போயாச்சு" என்று மட்டும் சொன்னார்.

மேலே என்பது பெரிய ஆபீசரின் அறை. அவருக்கு முழங்கால் வலி. ஆகவே அறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டு வெகுகாலமாயிற்று. இருந்தும் காகிதங்கள் மேலேதான் போகும். மேலே போவதற்காக நாங்கள் இருவரும் மாடிப்படி இறங்கினோம்.

பெரிய ஆபீசர் கோட்டயம் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பத்தவர். பருத்த உடம்பு, பருத்த குரல். நிமிர்ந்து பார்த்து, "என்ன காரியம்?" என்றார். அவர் மலையாளத்தை எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன். அது அதிக தூரம் பயணப்பட வேண்டியதில்லை.

"சார், எனக்கு இங்கேயே இருக்க இஷ்டம்" என்றேன், மனைவி சொல்லிக்கொடுத்தபடி.

"இஷ்டமோ? இஷ்டம் எல்லாருக்கும் உண்டு. எனக்கு இப்போ வீட்டுக்குப் போய்க் கிடக்கணும்னு இஷ்டம். காரணம் சொல்லணும்."

லைப்ரரி, நடை, காபி மூன்றும் நாக்கு நுனி வரை வந்தன. அந்த அறையில், அந்த மேஜைக்கு முன்னால், அவை மூன்றும் ஒரு காபிக்குக் காணாது என்று எனக்கே தெரிந்தது. நிஜத்தை வைத்துக்கொண்டு நான் திருதிருவென்று விழித்தேன். சூப்பிரண்டுக்குத்தான் பொறுக்கவில்லை. தவறு தம்முடையது என்று ஒப்புக்கொள்வதற்காக, நேர்மையான அந்த மனிதர் தொடக்கத்திலிருந்து சொன்னார்:

"பிசகு என்னுடேதாக்கும் சார். ஸ்வாமி எங்கிட்டே பறஞ்சது, அவர் இங்கே கல்யாணம் கழிச்சு வந்த பெண்ணு மாதிரின்னு. ஞான் நினைச்சது, அவரை அவரோட சொந்த வீட்டுக்கு அனுப்பணும்னு."

பெரிய ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாயரே, இது என்ன விசாரம்? கெட்டிச்சு விட்ட பெண்ணுக்கு எங்கே உள்ளது சொந்த வீடு? அவளோட ஸ்த்ரீதனம் கொடுத்தாச்சு. அப்பன் வீட்டுல அவளுக்கு இனி ஒரு மண்ணும் இல்லை. சர்ச் இடவகையே மாறியாச்சு. அவ செத்தா அடக்கறதுகூடக் கெட்டியவனோட சர்ச்சிலேயாக்கும், குழி அங்கே!" என்று என்னை நோக்கிக் கையை நீட்டினார். "இவன் இங்கே வந்தவனா?"

"இல்லை, இவரோட தாத்தாவாக்கும் வந்தது."

"பின்னே என்ன? எந்த வீட்டுக்கு அனுப்பறது?" என்று என் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தார். காகிதம் கிழிந்ததோ என்று சந்தேகப்படும்படியான கோடு. "போகலாம்."

இப்படியாக நான் திருவனந்தபுரத்தில் நிலைத்தேன். என்னை ஊரைவிட்டு விரட்டிய அதே மருமகள்தான், ஒரு சொல் மாறாமல், என்னைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். மாறியது கேட்டவரின் வீடு மட்டும். என் குழி இந்த ஊரில்தான் என்பதும் சர்க்கார் முறையில் தீர்மானமாயிற்று. எங்களில் குழி கிடையாது என்பதைச் சொல்லி வேலையைக் கெடுத்துக்கொள்ள நான் முனையவில்லை. ஒரு மனிதன் எந்த ராஜ்யத்தில் இருப்பது என்ற கேள்விக்கு உரிய நியாயம் என்று ஒன்று எங்கேயாவது இருந்திருக்கலாம். எங்கள் மூன்று பேருக்கும் அது அகப்படவில்லை. கிடைத்த காரணத்தை எடுத்துக்கொண்டு சூப்பிரண்டும் நானும் மாடியேறினோம்.

படியில் சூப்பிரண்ட் பாதியில் நின்றார். முகம் வாடியிருந்தது. "என்ன க்ரூரம் ஸ்வாமி! பெண்குட்டிக்கு ஸ்வந்தம் வீட்டுக்குத் திரும்பி வர முடியாதாம். மனுஷர் இப்படியும் உண்டா!" என்றார். அவரும் பெரிய ஆபீசரும் பல வருஷமாக ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கிறவர்கள்.

பக்கத்து மேஜைக்காரர் செய்தி கேட்டு வந்து கைகொடுத்தார். "நான் பொறந்த வீட்டுக்குப் போறேன் வே. நீரு மாமியா வீட்டுலயே கெடந்து சீரழியும்" என்றார். நவம்பர் பிறந்ததும் போய்விட்டார். காலி மேஜைக்கு யாரும் வரவில்லை. அவர் வேலையும் என் தலையில் விழுந்தது. வீட்டோடு இருக்கிறவள்தானே எல்லாம் செய்ய வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த நினைப்பில்தான் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். முணுமுணுக்க எனக்கு வாய் இல்லை. ஒப்புச் சொன்னவன் நான்.

கோடு இழுபட்ட அன்றைய சாயங்காலத்துக்கு வருகிறேன். லைப்ரரிக்குப் போகவில்லை, காபிக்கும் நிற்கவில்லை. நேரே வீட்டுக்குப் போய், "இங்கேயே இருக்கலாம்னு ஆயிடுத்து" என்றேன். எப்படி ஆயிற்று என்பதையும் சொன்னேன். குழி வரைக்கும் கேட்டுவிட்டு அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். அப்புறம் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே சொன்னாள்:

"செரி. அப்போ மார்கழித் தேருக்கு நான் ஊருக்குப் போறேன். பொங்கல் கழிஞ்சுதான் வருவேன்."

"பொங்கல் கழிஞ்சா? ஒரு மாசம் ஆயிடுமே. அது இனிமே வேற ராஜ்யம் வேற."

"ராஜ்யம் எதுவானா என்ன, எங்கம்மா அங்கேதான் இருக்கா. நான் கேக்கல, கேட்டேளா? சொல்றேன். எப்போ வருவேன்னு கேக்கறவா யாரும் இப்போ இந்தாத்துல இல்லை."

நான் இருந்தேன். கேட்கவும் வாயெடுத்தேன். பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்ணைப் பற்றி அழகாக ஒன்று தோன்றியது. நதி, மேகம் எல்லாம் வருகிற மாதிரி. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ரசப்பொடி எந்த டப்பாவில் இருக்கு?" என்று கேட்டேன்.